வீட்டில் ரேடியோ கட்டுபவர்களுக்கு ஷாஃப்ட் கப்ளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை கற்றவன் நான். டர்பனுக்கு வந்து 18 வருடம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு கராஜில் சனிக்கிழமை காலையில் ரேடியோ கட்டுகிற சிலர் கூடுவோம். டோங்காட்டிலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. பெட்டியைத் திறந்ததும் பேச்சு சர்க்யூட்டில் ஆரம்பித்து, கடைசியில் கண்டன்சரையும் குமிழையும் இணைக்கிற அந்தச் சின்னத் துண்டில், அதாவது ஷாஃப்ட் கப்ளரில், வந்து நின்றுவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

அங்கிள், கப்ளர் எதுக்கு? குமிழை நேரா கண்டன்சர் ஷாஃப்ட்லயே மாட்டினா போதாதா?

போதும் என்றால் அப்படியே மாட்டுங்கள். அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வேரியபிள் கண்டன்சர் (ஷாஃப்ட் என்கிற தண்டைத் திருப்பித் தகடுகளைச் சுழற்றி ஸ்டேஷன் பிடிக்கிற பாகம்) காயிலுக்குப் பக்கத்தில், வயர் குட்டையாக இருக்கிற இடத்தில் உட்கார வேண்டும். அந்த இடம் பல நேரம் பெட்டியின் நடுவிலோ பின்பக்கத்திலோ அமையும். குமிழ் பேனலில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீட்டுத் தண்டும் அதை இணைக்க ஒரு கப்ளரும் தேவைப்படும்.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. நிதானமாகத் திருப்ப 6-க்கு 1 பால் டிரைவ் (குமிழ் ஆறு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்று) மாதிரி ஒரு குறைப்பான் வைத்தால் அதையும் கண்டன்சரையும் சேர்க்க வேண்டும். கண்டன்சரின் ஷாஃப்டில் மின்சாரம் இருந்தால், அது கைக்கு வராமல் தடுக்க வேண்டும். இந்த இரண்டாவது காரணத்தைத்தான் புதிதாகக் கட்டுபவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

என்ன சைஸ் வாங்கணும்? 6 மில்லியா, கால் இஞ்ச்சா?

வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஐரோப்பிய, ஆசியப் பொட்டென்ஷியோமீட்டர்கள் (வால்யூம் கன்ட்ரோல் மாதிரித் திருப்புகிற மின்தடைகள்) பெரும்பாலும் 6 மி.மீ. பழைய பிரிட்டிஷ், அமெரிக்கக் கண்டன்சர்கள் கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. பெரிய ரோலர் காயில் (சுழற்றி அளவை மாற்றுகிற காயில்), வேக்கம் கண்டன்சர் (தகடுகள் வெற்றிடத்துக்குள் இருப்பது) சிலவற்றில் இன்னும் தடித்த ஷாஃப்ட் இருக்கும். ஸ்டெப்பர் மோட்டாரில் நீமா 17 என்றால் 5 மி.மீ.

தென்னாப்பிரிக்கா மெட்ரிக் முறைக்கு மாறுவதற்கு முன்னால் வந்த சாமான் பெரும்பாலும் இஞ்ச் கணக்குதான். பழைய ரேடியோக்காரர் ஒருவரின் வீட்டைக் காலி செய்யும்போது கிடைக்கிற டப்பாவில் இரண்டும் கலந்தே கிடக்கும். ஒவ்வொன்றையும் அளந்து, ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

6 மில்லி ஷாஃப்ட்ல கால் இஞ்ச் கப்ளரைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்கிட்டா என்ன ஆகும்?

பிடிக்கும். ஆனால் நடுவில் பிடிக்காது. துளைக்கும் ஷாஃப்டுக்கும் 0.35 மி.மீ. வித்தியாசம். ஸ்க்ரூ ஷாஃப்டை ஒரு பக்கமாகத் தள்ளும்போது மையம் 0.175 மி.மீ. விலகிவிடும். திருப்பினால் அவுட் அடிக்கும், அதாவது ஆடி ஆடிச் சுற்றும். வால்யூம் கன்ட்ரோலில் அது தெரியாது. ஆஸிலேட்டரை (அலைவரிசையை உருவாக்குகிற சர்க்யூட்டை) ட்யூன் செய்கிற கண்டன்சரில் ஒவ்வொரு சுற்றிலும் கைக்குத் தெரியும்.

வழி எளிது. 0.15 மி.மீ. பித்தளைத் தகட்டில் ஒரு பட்டை வெட்டி ஷாஃப்டில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கப்ளரைத் தள்ளுங்கள். தகடு இல்லையென்றால் குளிர்பான கேன். அதன் சுவர் சுமார் 0.1 மி.மீ. இருக்கும். ஒரு சுற்று போட்டாலே விலகல் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். பட்டையின் இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது, ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஸ்க்ரூ நேராகத் தகட்டில் குத்தினால் தகடு கிழியும். அதனால் அந்த இடத்தில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள்.

ரெடிமேடா கிடைக்குமா? டர்பன்ல எங்க தேடறது?

ரேடியோவுக்கென்றே செய்த கப்ளரைக் கடை அலமாரியில் தேடாதீர்கள். 3டி பிரிண்டர் பாகம் விற்கிற கடைகளில் கேளுங்கள். சுருள் வெட்டு போட்ட அலுமினியக் கப்ளர், வாங்குகிற விலைக்கு நன்றாகவே இருக்கும். ஒரு முனையில் 5 மி.மீ., மறுமுனையில் 8 மி.மீ. துளை உள்ளதும், இரண்டு முனையும் 5 உள்ளதும் எளிதில் கிடைக்கும். 6.35 துளை உள்ளதும் வருகிறது, கேட்டு வாங்க வேண்டும். சின்னத் துளை உள்ளதை வாங்கிப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ஆனால் சுருள் வெட்டு வரைக்கும் டிரில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது வேறொன்று. வீட்டு வயரிங்கில் போடுகிற பிளாஸ்டிக் கனெக்டர் பட்டையில் பெரிய சைஸ் ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக்கை அறுத்தால் உள்ளே பித்தளைக் குழாய் இருக்கும், இரண்டு முனையிலும் ஸ்க்ரூவோடு. துளையை ஷாஃப்ட் அளவுக்குப் பெரிதாக்கினால் கப்ளர் தயார். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இரண்டு ஸ்க்ரூவும் ஒரே பக்கத்தில் இருப்பதால் மேலே சொன்ன மைய விலகல் இதிலும் வரும். துளை இறுக்கமாக இருந்தால் அது தெரியாத அளவுக்குக் குறையும்.

கெட்டுப்போன பொட்டென்ஷியோமீட்டரையும் எறியாதீர்கள். அதன் மரை போட்ட புஷ்ஷும் (ஷாஃப்டைத் தாங்குகிற குட்டைக் குழாய்) ஷாஃப்டும் சேர்ந்தால் பேனலுக்கு நல்ல பேரிங். நீட்டுத் தண்டு பேனலில் வெறும் துளையில் ஆடிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

லேத் இல்லாம வீட்டிலேயே கடைய முடியுமா?

முடியும். ஒரு டிரில் ஸ்டாண்டும் வைஸும் போதும். நான் சொல்லிக்கொடுத்ததிலேயே எல்லோருக்கும் பிடித்துப்போனது இந்த வேலைதான்.

12 மி.மீ. பித்தளைக் கம்பியில் 25 மி.மீ. துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 13 மி.மீ. சக் அதைப் பிடிக்கும். ஆனால் கம்பியை வைஸில் பிடித்து மேலிருந்து டிரில் இறக்காதீர்கள். துளை கட்டாயம் கோணலாகும். தலைகீழாகச் செய்யுங்கள்: கம்பி சுழலட்டும், டிரில் பிட் அசையாமல் நிற்கட்டும். அப்போது பிட் தானாகவே மையத்தைத் தேடிப் போகும். லேத்தில் நடப்பதும் இதுதான்.

பிட்டை மையத்தில் நிறுத்துவது எப்படி? பிட்டின் வெட்டுமுனைப் பக்கத்தைச் சக்கில் பிடித்து, தண்டுப் பக்கம் கீழே தொங்கும்படி மாட்டுங்கள். சக்கை இறக்கி, தண்டு வைஸின் தாடைகளுக்கு நடுவில் வந்ததும் வைஸை மூடுங்கள். வைஸை மேசையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். இப்போது சக்கைத் தளர்த்தி மேலே தூக்கினால், பிட் வைஸில் மூக்கை மேலே நீட்டிக்கொண்டு சரியாகச் சக்குக்குக் கீழே நிற்கும். சக்கில் பித்தளைத் துண்டை மாட்டி, மெதுவாக இறக்குங்கள். அடிக்கடி தூக்கிப் பிசிறைத் தட்டிவிடுங்கள். பித்தளை பிட்டை இழுத்துக் கவ்வும் குணம் உள்ளது. வெட்டும் விளிம்பை எண்ணெய்க் கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கினால் கவ்வாது.

டிரில் பிட் எப்போதும் தன் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் துளைக்கும். அதனால் 6 மி.மீ. துளைக்கு 5.8 போட்டு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விடுங்கள். கால் இஞ்ச்சுக்கு 6.1 போட்டு ரீமர். இரண்டு பக்கம் இரண்டு அளவு வேண்டுமானால், சின்ன அளவை முழுக்கத் துளைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து பாதி வரை பெரிய அளவை விடுங்கள். பெரிய பிட் சின்னத் துளையைப் பின்பற்றிப் போகும், மையம் மாறாது.

அப்புறம் கிரப் ஸ்க்ரூ, அதாவது ஷாஃப்டை அழுத்திப் பிடிக்கிற தலையில்லாத ஸ்க்ரூ. எம்3 (3 மி.மீ. மெட்ரிக் மரை) என்றால் 2.5 மி.மீ. துளை, எம்4 என்றால் 3.3. 12 மி.மீ. கம்பியில் 6 மி.மீ. துளை போக சுவர் 3 மி.மீ. மிஞ்சும். எம்3-க்கு 6 மரை கிடைக்கும், எம்4-க்கு 4 மரை. எனக்கு எம்3 பிடிக்கும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்க்ரூ, 90 பாகை தள்ளி. எதிரெதிரே போட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளுமே தவிர ஷாஃப்டைத் துளைச் சுவரோடு சேர்த்து அழுத்தாது.

பட்டறையில கொடுத்தா அவங்களிடம் என்ன சொல்லணும்?

ஜேக்கப்ஸ், மோபெனி பக்கம் கடைசல் பட்டறைகள் உண்டு. ஷாஃப்ட் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். "இரண்டு துளையும் ஒரே பிடியில் போடுங்கள், நடுவில் வேலையைக் கழற்றித் திருப்ப வேண்டாம்" என்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பெட்ரோல் ஹோஸ் ஒரு துண்டு போட்டாலே போதும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. கார் பாகக் கடையில் 6 மி.மீ. உள்விட்டமுள்ள பெட்ரோல் ஹோஸ் வாங்கி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டால், ஷாஃப்டுகள் கொஞ்சம் நேர்கோட்டில் இல்லாவிட்டாலும் தாங்கும், மின்சாரமும் அவ்வளவாகக் கடக்காது. வால்யூம், நுணுக்கமாகத் திருப்பத் தேவையில்லாத ப்ரீசெலக்டர் (ஆன்டென்னாவிலிருந்து வருவதை வடிகட்டுகிற பகுதி), இவற்றுக்குச் சரி.

ட்யூனிங்குக்கு வேண்டாம். ரப்பர் முதலில் முறுக்கிக்கொள்ளும், பிறகுதான் கண்டன்சர் நகரும். கையை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கும். ஸ்டேஷனைப் பிடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது அது நழுவிப்போகும். ஹோஸ்தான் போட வேண்டும் என்றால் இரண்டு ஷாஃப்ட் முனைகளும் கிட்டத்தட்ட முட்டும்படி வைத்து, முறுக்கிக்கொள்ள இடமே இல்லாமல் செய்யுங்கள்.

மின்சாரம் கடக்காத கப்ளர் எப்போ கட்டாயம்?

கண்டன்சரின் சுழலும் தகடுகள் சேஸிஸோடு (பெட்டியின் உலோகச் சட்டத்தோடு) இணைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இணைந்திருந்தால் உலோகக் கப்ளர் போதும். இணையாமல் தனியாக நின்றால் ஷாஃப்டும் அதில் மாட்டிய எதுவும் மின்சாரத்தில் இருக்கிறது.

ஆன்டென்னா ட்யூனரில் (ஒலிபரப்பியையும் ஆன்டென்னாவையும் பொருத்துகிற பெட்டி) டி வடிவச் சர்க்யூட் போடுகிறவர்கள் அதிகம். அதில் இரண்டு கண்டன்சரும் தொடராக நிற்கும், இரண்டின் ஷாஃப்டும் தரையோடு, அதாவது எர்த்தோடு, சேராது. வளைய ஆன்டென்னாவில் இன்னும் மோசம். 100 வாட் விட்டாலே கண்டன்சரின் குறுக்கே பல ஆயிரம் வோல்ட் எழும். என் முதல் ட்யூனரில் பிளாஸ்டிக் குமிழ் இருக்கிறதே என்று பித்தளைக் கப்ளர் போட்டுவிட்டேன். குமிழின் பக்கவாட்டில் ஒரு கிரப் ஸ்க்ரூ இருந்தது. திருப்பும்போது சுட்டுவிரல் அதில் பட்டது. ஷாக் மாதிரி உதறாது, ஊசியால் சுட்ட மாதிரி வெள்ளையாக ஒரு புள்ளி. தோல் மேலே ஆறிவிட்டது, உள்ளே ஆற இரண்டு வாரம் ஆனது. தயவுசெய்து இதை அனுபவித்துத் தெரிந்துகொள்ளாதீர்கள்.

கப்ளருக்குள் இரண்டு ஷாஃப்ட் முனைகளுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். உலர்ந்த காற்றில் ஆயிரம் வோல்ட்டுக்கு 1 மி.மீ. தாங்கும். ஆனால் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் தூசியும் கடல் உப்பும் படியும் ஊர் இது. நான் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு விடுகிறேன். கப்ளரைப் பேனலிலிருந்து தள்ளி, கண்டன்சருக்கு நெருக்கமாக வையுங்கள். பேனல் பக்கத் தண்டை ஒரு உலோகப் புஷ் வழியாகச் சேஸிஸோடு சேர்த்துவிட்டால், கை கொண்டுபோனதும் ட்யூனிங் மாறுகிற தொல்லையும் போய்விடும்.

இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமா?

கப்ளர் செய்ய வேண்டாம். ஒலிபரப்புகிற கருவியை ஆன்டென்னாவில் மாட்டி இயக்க ஐகாசாவின் (தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உரிமம் வேண்டும். அதற்கான தேர்வை அமெச்சூர் ரேடியோக்காரர்களின் சங்கமான சௌத் ஆப்பிரிக்கன் ரேடியோ லீக் நடத்துகிறது. மாணவர்கள் தாராளமாக எழுதலாம்.

இன்சுலேட்டடுக்கு எந்தப் பிளாஸ்டிக்? நைலான் கைவசம் இருக்கு.

நைலானை நான் சொல்ல மாட்டேன். ஈரத்தைக் குடிக்கிற பிளாஸ்டிக் அது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் டர்பன் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஊறிய நைலான் அளவும் மாறும், உயர் அலைவரிசையில் சூடும் ஆகும்.

டெஃப்லான் மின்சாரத்துக்கு மிக நல்லது, பிடிப்புக்கு மோசம். வழுக்கும், ஸ்க்ரூ அழுத்தினால் மெல்ல விலகிக்கொடுக்கும், ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். டெஃப்லான் போடுவதானால் இரண்டு முனையிலும் பித்தளை வளையம் மாட்டி, ஸ்க்ரூவின் மரை அந்த வளையத்தில் இருக்கும்படி செய்யுங்கள். அசிட்டல் கம்பிதான் என் தேர்வு. நன்றாகக் கடையவரும், மரை பிடிக்கும், ஈரம் குடிப்பது மிகக் குறைவு. பிளாஸ்டிக் கம்பி விற்கிற கடைகளில் வெட்டி மிஞ்சின துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நீட்டுத் தண்டுக்கே கண்ணாடி இழைக் கம்பி போட்டால் கப்ளர் உலோகமாகவே இருக்கலாம். உடைந்த மீன்தூண்டில், கூடாரக் கம்பி இதற்கு உதவும். ஆனால் கறுப்பு நிறக் கம்பியானால் கவனம். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். என்னவென்றே தெரியாத பிளாஸ்டிக்கை, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரோடு மைக்ரோவேவ் அடுப்பில் 1 நிமிடம் வையுங்கள். தண்ணீர் சூடாகி, பிளாஸ்டிக் சூடாகாமல் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். உலோகம் உள்ளதையும் கார்பன் என்று சந்தேகப்படுவதையும் உள்ளே வைக்காதீர்கள்.

3டி பிரிண்டர்ல அடிச்சுக்கலாமா?

தாராளமாக. பிரிண்டர் பிளாஸ்டிக்கில் பிஎல்ஏ சுமார் 60 பாகை செல்சியஸிலேயே இளகும், வெயிலில் நிற்கும் காருக்குள் தாங்காது. பெட்ஜி (PETG) சுமார் 80 வரை தாங்கும். மரையைப் பிளாஸ்டிக்கிலேயே வெட்டாமல், நட் உட்காரப் பள்ளம் விட்டு அச்சடியுங்கள். கறுப்பு இழையில் கார்பன் கலந்திருக்கலாம் என்பதால் உயர் வோல்ட் வேலைக்கு வெள்ளையோ நிறமற்றதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாதிச் சுற்று இறுக்கமா இருக்கு, மறு பாதி லூசா சுத்துது. கண்டன்சர் போச்சா?

பெரும்பாலும் கண்டன்சரில் குற்றம் இருக்காது. கப்ளரின் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கண்டன்சரைத் தனியாகக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்றினால், இரண்டு ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். கெட்டியான பித்தளைக் கப்ளர் அவற்றை வலுக்கட்டாயமாக வளைக்கிறது. அப்படியே ஓட்டினால் கண்டன்சரின் பேரிங் தேய்ந்து, அது உண்மையிலேயே போய்விடும்.

முதலில் கண்டன்சருக்குக் கீழே வாஷர் வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். நான் ஸ்க்ரூக்களைக் கடைசியில்தான் இறுக்குவேன்: கப்ளரை மாட்டி, எல்லாம் தளர்வாக இருக்கும்போது பத்து முறை திருப்பி, கண்டன்சர் தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டபின் அடிப்பகுதியை இறுக்குவது. அதற்கும் அடங்காவிட்டால் வளையும் கப்ளர். கோணம் தப்பியிருந்தால் சுருள் வெட்டுக் கப்ளர் ஒன்று போதும். இணையாக விலகியிருந்தால் மூன்று துண்டு ஓல்ட்ஹாம் கப்ளர், அல்லது நடுவில் குட்டித் தண்டு வைத்து இரண்டு வளையும் கப்ளர்.

இடமிருந்து திருப்பினா ஸ்டேஷன் ஒரு இடத்தில, வலமிருந்து வந்தா வேற இடத்தில. இது கப்ளரா, டிரைவா?

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: கப்ளரின் இரு பக்கத்து ஷாஃப்டிலும் மெல்லிய கம்பியை முள் மாதிரி ஒட்டுங்கள், 10 செ.மீ. நீளம் போதும். குமிழை மெதுவாக முன்னும் பின்னும் திருப்புங்கள். குமிழ் நகர்ந்தும் முதல் முள் நகராவிட்டால் டிரைவ். முதல் முள் நகர்ந்து இரண்டாவது தாமதித்தால் கப்ளர். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தும் ஸ்டேஷன் விலகினால் கண்டன்சரின் பேரிங்.

கப்ளர் என்றால், ஹோஸா என்று பாருங்கள், காரணம் மேலே இருக்கிறது. ஓல்ட்ஹாம் என்றால் நடுத் துண்டு தேய்ந்திருக்கும். பித்தளை என்றால் ஸ்க்ரூ வழுவழுப்பான ஷாஃப்டில் நழுவுகிறது. ஸ்க்ரூ படுகிற இடத்தில் அரத்தால் ஒரு தட்டைப் பரப்பு தேய்த்துவிடுங்கள். தேய்க்கும் முன் கண்டன்சரைப் பழைய துணியால் மூடுங்கள். தகடுகளுக்கு நடுவே ஒரு பிசிறு விழுந்தால் அதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

திருப்பும்போது கரகரன்னு சத்தம். கண்டன்சரைத் துடைச்சும் போகல.

உலோகத்தின்மேல் உலோகம் தொட்டும் தொடாமலும் நகர்ந்தால் இந்தச் சத்தம் வரும். பேனல் புஷ் வழியாக ஒரு தரை இணைப்பு, கண்டன்சரின் சொந்த வைப்பர் (சுழலும் ஷாஃப்டை உரசி நிற்கிற தொடுதகடு) வழியாக இன்னொன்று, நடுவில் உலோகக் கப்ளர் என்று இருந்தால், திருப்புகிற ஒவ்வொரு கணமும் அந்த வட்டம் மூடித் திறக்கும். சுழலும் தகடுகள் தரையோடு சேர்ந்திருந்தாலும் இந்த இடத்தில் இன்சுலேட்டட் கப்ளர் போடுவது நல்லது. தரை இணைப்பை வைப்பரிடம் மட்டும் விட்டுவிடலாம்.

லோட் ஷெட்டிங் வந்து அக்கம்பக்கம் இருண்ட ஒரு ராத்திரி, பேட்டரியில் 40 மீட்டர் பேண்டைக் கேட்டேன். பிளக் சார்ஜர்களின் இரைச்சல் எல்லாம் போய் பேண்டே தெளிந்திருந்தது. அன்றைக்குத்தான் என் ரிசீவரின் கப்ளர் இத்தனை நாளும் கரகரத்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

கிரப் ஸ்க்ரூ துருப்பிடிச்சு அசைய மாட்டேங்குது. பழைய கப்ளர் வேற.

கடலோரத்தில் இது தினக்கதை. துருவுக்குள் ஊடுருவுகிற எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூவின் மேல் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, நன்றாகப் பொருந்துகிற கீயால் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிட்டிகை அசைத்து, பிறகு தளர்த்துங்கள். புதிதாகப் போடும்போது துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போட்டு, மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். அலுமினியக் கப்ளரைப் பித்தளை ஷாஃப்டில் போட்டால் உப்புக் காற்றில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அங்கேயும் கிரீஸ் வேண்டும்.

பழைய பிரிட்டிஷ் கப்ளரில் இருப்பது பிஏ மரை, அதாவது பழைய பிரிட்டிஷ் சின்ன ஸ்க்ரூ அளவுமுறை. 6 பிஏ 2.8 மி.மீ., பார்க்க எம்3 மாதிரியே இருக்கும். எம்3-ஐ அதில் ஏற்றினால் மரை பாழ். ஸ்க்ரூ தொலைந்துவிட்டால், துளையைச் சுத்தமாக எம்4-க்கு மாற்றிவிடுங்கள்.

வேக்கம் கண்டன்சரை ஸ்டெப்பர் மோட்டாரால ஓட்டப் போறேன். எந்தக் கப்ளர்?

இதில் மட்டும் கொஞ்சமும் நழுவாத கப்ளரைப் போடாதீர்கள். வேக்கம் கண்டன்சர் பல சுற்றுச் சுற்றி, ஒரு முனையில் முட்டி நிற்கும். மோட்டாருக்கு அது தெரியாது. கெட்டியான கப்ளர் வழியாக மோட்டார் தன் முழு பலத்தையும் போட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகச் சுருக்கப்பை கிழிந்து, வெற்றிடம் போய்விடும். அதற்கப்புறம் அதைச் சரிசெய்ய வழியில்லை.

ட்யூனிங்குக்கு வேண்டாம் என்று சொன்ன ஹோஸ் இங்கே நல்ல காவலாளி. தடித்த சிலிக்கான் குழாயில், கண்டன்சர் பக்கத்துக் கிளிப்பை, கையால் திருப்பினால் வழுக்குகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மின்சாரத்தையும் அதுவே தடுக்கும், ஆனால் குழாய்க்குள் மேலே சொன்ன இடைவெளி இருக்க வேண்டும். குழாய் வழுக்கினால் மோட்டாரின் எண்ணிக்கையும் கண்டன்சரின் இடமும் பொருந்தாமல் போகும் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால் ஸ்டெப்பரின் எண்ணிக்கையை நம்பாமல், கண்டன்சர் பக்கத்து ஷாஃப்டில் சின்னப் பல்சக்கரம் மாட்டி, ஒரு பத்துச் சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டரை அதோடு ஓடவிடுங்கள். சுற்று எண்ணிக்கை பத்தைத் தாண்டினால் பல்சக்கர விகிதத்தை அதற்கேற்ப வையுங்கள். பொட்டென்ஷியோமீட்டரின் முனை கண்டன்சரின் முனைக்கு முன்னால் வந்துவிடக் கூடாது. பல்சக்கரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அந்தப் பக்கத்து ஷாஃப்ட் மின்சாரத்தில் இருக்கிறது.